நண்பகலில் பிறந்த மணல்

எங்கள் பள்ளத்தாக்கில் தவக்காலம் சாம்பலோடு வருவதில்லை, காற்றோடு வருகிறது. ரியோ கிராண்டே ஆற்றின் மேற்கு மேட்டில், இன்ன இடம் என்று சுட்ட முடியாத ஓரிடத்தில் அது எழும். காய்ந்த புதர்களை ஒவ்வொன்றாகத் தொட்டு, தொட்டதையெல்லாம் நரைக்கச் செய்து, கரையோரப் பாப்லர் மரங்களின் வெற்றுக் கிளைகளிடையே நாள் முழுதும் நின்று முனகும். வாய்க்கால்கள் நீரின்றித் தம் அடிவயிற்றைக் காட்டிக் கிடக்கும். மலைமுடியில் பனி இருக்கும். ஆயினும் அது இன்னும் எவர் வயலுக்கும் உரியதாகியிராது. அந்நாட்களில் மாந்தர் குறைவாகப் பேசுவர். அவரைக் குழம்பும் முளைகட்டிய கோதுமைக் களியும் உண்டு, கூடவே வாயில் விழும் புழுதியையும் குறை சொல்லாது விழுங்குவர். மண்ணும் நோன்பிருக்கிறது, மழை என்னும் சொல்லை நாவில் வையாது அடங்கிக் கிடக்கிறது என்றே அப்பருவத்தில் தோன்றும்.

அத்தகைய தூய நாட்களில்தான் எங்கள் ஊராகிய எல் சவுஸாலுக்கு வாரியம் வந்தது.

மாநில வடிநிலத் தொன்மைச் சான்றளிப்பு வாரியம் என்பது அதன் முழுப்பெயர். உறுப்பினர் எழுவர். ஆற்று வடிநிலங்களில் பொதுக்கட்டடம் எழுப்பும் முன்னர், அங்குள்ள நிலப்பிளவு உயிருள்ளதா, உறங்குவதா என்று தீர்ப்பளிப்பது அவர்களின் திருப்பணி. பன்னிரண்டாயிரம் ஆண்டுகளுக்குள் அசைந்த பிளவு உயிருள்ளது. அதன்மேல் பள்ளி கட்டலாகாது. இது விதி. நல்ல விதி. எழுவருள் ஒருவரும் மண்ணின்மேல் முழந்தாளிட்டதில்லை என்பது மட்டுமே அதற்கு நேர்ந்த கேடு.

எங்களுக்குப் பள்ளி தேவைப்பட்டது. சென்ற குளிர்காலத்துப் பனியின் சுமையில் பழைய பள்ளியின் கூரை இறங்கிவிட்டது. நாற்பத்து மூன்று குழந்தைகள் இரண்டு தகர வண்டிகளுக்குள் அமர்ந்து, காற்றடிக்கும்போதெல்லாம் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுத்துப் பயின்றனர். அவர்களுள் ஒருத்தி பெலினா, ஏழு வயதினள். பிரிமிதிவோ கல்லேகோஸின் கடைக்குட்டி. பிரிமிதிவோ எங்கள் ஊர் வாய்க்காலுக்கு மணியக்காரர். சிற்றாலயத்தின் சாவியும் அவரிடமே. பிழைப்புக்குப் பொக்லைன் எந்திரம் ஓட்டுபவர். புதிய பள்ளிக்கென ஒதுக்கிய புல்வெளியில் ஆராய்ச்சிக் குழி தோண்டும் வேலை ஆதலால் அவருக்கே வந்தது.

குழியை ஆராய வந்தவர் ஆர்லீன் பெகே என்னும் மண்ணியல் அறிஞர். சொற்சிக்கனமும் தேய்ந்த காலணிகளும் உடையவர். குழிக்குள் இறங்கிய அவர் பிரிமிதிவோவை அருகே அழைத்தார்.

"அண்ணே, இந்த வெள்ளைப் பட்டையைப் பாருங்க. பழைய எரிமலைச் சாம்பல். அதுக்கு மேல இந்த ஆத்து மணல். இந்தப் பக்கம் ரெண்டும் உங்க இடுப்பு உயரத்துல இருக்கு. அந்தப் பக்கம்?"

"கால் கட்டைவிரல்கிட்ட."

"நடுவுல வெட்டினது யாரு?"

"நான் இல்லம்மா. என் எந்திரம் நேராத்தான் வெட்டும்."

"தெரியும். வெட்டினது பூமி. பள்ளிக்கூடத்துக்கு ரெண்டாவது வகுப்பறைச் சுவர் எங்க வருது?"

பிரிமிதிவோ முளைக்குச்சிகளை நோக்கினார். சுவர் சரியாக அந்தப் பிளவின்மேல் வந்தது. பெலினா இரண்டாம் வகுப்பு.

பிறகு ஆர்லீன் கறுப்புத் தார்ப்பாயால் குழியை மூடி, அதன் இருளுக்குள் இரண்டு இரும்புக் குழாய்களை மணலடுக்கில் அறைந்து இறக்கினார். மணல் நிறைந்ததும் இருமுனையும் அடைத்துக் கறுப்புத் துணி சுற்றினார்.

"எதுக்கும்மா இவ்ளோ மறைவு? கல்யாணப் பொண்ணா?"

"அதைவிட வெக்கம் இதுக்கு. புதைஞ்ச நாளிலேர்ந்து ஒவ்வொரு மணலும் சுத்தியிருக்கிற மண்ணோட சக்தியைத் துளித்துளியா உள்ள வாங்கி வெச்சிருக்கு. எவ்ளோ வாங்கிருக்குன்னு பாத்தா, எத்தனை வருஷம் புதைஞ்சிருந்துச்சுன்னு சொல்லிடலாம். ஆனா வெயில் பட்டா அத்தனையும் போயிடும். நேத்துப் பொறந்த மணல் மாதிரி ஆயிடும்."

"எவ்ளோ நேரம் வெயில் படணும்?"

"நீங்க ஒரு தொர்த்தியா ரொட்டி தின்னு முடிக்கிற நேரம்."

"நானா, இல்ல எங்க கூட்டாளி, கொம்பாத்ரே எசேக்கியேலா? அவன்னா ரெண்டே கடிதான்."

ஒரு குழாய் வாரியத்துக்கு. மற்றது, வாரியத்தின் விதிப்படியே, ஊர்ப் பொறுப்பாளராகிய பிரிமிதிவோவின் காவலுக்கு. ஆர்லீன் அத்துடன் நில்லாது, முந்நூறு அடி மேற்கே, முதிய பாப்லர் மரத்தின் அருகில், இன்னொரு குழியும் தோண்டச் செய்தார். அங்கே சாம்பல் பட்டை ஒரு கோடாக, ஒரு முறிவும் இன்றி ஓடியது. "இங்க கட்டினா நிம்மதியாத் தூங்கலாம்" என்றார். அவ்வாறே எழுதியும் கொடுத்தார்.

அதை வாரியம் ஏற்கவில்லை. மனையின் வரைபடம் மூன்று வண்ணங்களில் அச்சாகிவிட்டிருந்தது. அதனினும் பெரிய தடை ஒன்றும் இருந்தது: அடிக்கல்லில் பதிக்கும் வெண்கலத் தகடு வார்க்கப்பட்டாயிற்று. 'அசையா நிலத்தின்மேல், தலைவர் லோவெல் பெட்டிபோன் அவர்களால், ஏப்ரல் இருபத்தொன்றாம் நாள்' என்று அதில் பொறித்திருந்தது. வெண்கலத்தைத் திருத்துவதினும் பூமியைத் திருத்துவது எளிது என்பது வாரியத்தின் நெடுநாள் அனுபவம்.

முதல் அமர்வுக்குப் பிரிமிதிவோ சாட்சியாகத் தலைநகர் சென்றார். துவைத்த சட்டையும், திருமணத்தன்று அணிந்த காலணியும் அணிந்திருந்தார். அமர்வு தொடங்குமுன் பூமியின் நான்கு பேரூழிகளுக்கும் ஊழிக்கு ஒரு நிமிடமாக அனைவரும் எழுந்து நின்று மௌனம் காத்தனர். மூன்றாம் ஊழியில் ஓர் உறுப்பினர் உறங்கிவிட்டார், நின்றபடியே. அவரை எழுப்புவது மரபன்று.

செயலர் கிளாரிஸ் ஊம்ஸ்டெட் எழுந்து வாசித்தார். "எல் சவுஸால் நிலப்பிளவுக்கு, குழிச் சுவரில் ஒட்டப்பட்ட அறிவிப்பின் வழியாக, பன்னிரண்டு நாள் கெடு வழங்கப்பட்டது. பிளவு நேரிலோ வழக்கறிஞர் மூலமோ தோன்றவில்லை. எழுத்தாலும் மறுப்புத் தெரிவிக்கவில்லை."

"மறுப்பில்லை எனப் பதிவு செய்க" என்றார் தலைவர்.

பிரிமிதிவோ கையை உயர்த்தினார். "ஐயா, அது பூமிங்க. அது எப்படி வரும்?"

"வரவேண்டாம் என்றே நாமும் விரும்புகிறோம்" என்றார் பெட்டிபோன் கனிவுடன். "வந்திருந்தால் அதுவே அசைவுக்குச் சான்றாகிவிடும்."

மற்ற உறுப்பினர் மேசையைத் தட்டினர். உறங்கியவர் விழித்து, தாமும் தட்டினார்.

மார்ச்சு இருபத்தேழாம் நாள், நண்பகலில், வாரியம் நேரில் எழுந்தருளியது. வெண்ணிறத் தலைக்கவசம் அணிந்த எழுவரும் குழிக்கு முதுகு காட்டி, ஒளிப்படக்காரர்களுக்கு முகம் காட்டி நின்றனர். குழி எங்கே என்று அவர்களுள் ஒருவர் குழியின் விளிம்பிலிருந்தே வினவினார். செயலர் வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வடக்கை நோக்கித் தெற்கு என்றார். இதை எவரும் திருத்தவில்லை. பிரிமிதிவோவின் மனைவி ஒடிலா மட்டும் வேலியருகில் நின்று அனைத்தையும் கண்டுகொண்டிருந்தாள்.

தலைவர் உரையாற்றினார். அவ்வுரையை ஊரார் நாங்கள் இன்றும் சொல்லுக்குச் சொல்லாக நினைவில் வைத்திருக்கிறோம்; ஒவ்வாத உணவு நெடுநாள் நாவில் நிற்பதைப் போல.

"மக்களே! இந்த மணலின் வயதை இருட்டறையில் அறிய வேண்டுமென்று அறிஞர் கூறுகிறார். இருட்டில் செய்யப்படும் எக்காரியமும் மக்களாட்சிக்கு உகந்ததன்று. மறைப்பதற்கு என்ன இருக்கிறது? இருபத்திரண்டு ஆண்டுகளாக இவ்வாரியத்தில் இருக்கிறேன். ஒரு முறையேனும் நான் எதையும் உற்றுப் பார்த்ததாக எவரும் குற்றம் சாட்ட முடியுமா? எல்லாவற்றையும் வெளிச்சத்தில் வைப்பவன் நான். வெளிச்சத்தில் வைத்தபின் பார்க்க வேண்டிய தேவையே எழுவதில்லை!"

வெள்ளித் தட்டு வந்தது. வாரியத்தின் குழாயைப் பெட்டிபோன் தம் கையாலேயே திறந்து, மணலைக் கொட்டி, உச்சி வெயிலில் உயர்த்திப் பிடித்தார்.

"ஐயோ, மூடுங்க! மூடுங்கய்யா!" ஆர்லீன் தார்ப்பாயை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். இரண்டு காவலர் இடைமறித்தனர். தட்டு உறுப்பினர் எழுவரிடமும் கைமாறியது. ஒவ்வொருவரும் ஒரு சிட்டிகை எடுத்து, மோந்து பார்த்து, தலையசைத்தனர். ஒருவர் நாவிலும் இட்டார். பள்ளத்தாக்கு தன் மடியில் பொதிந்து காத்த நெடுங்காலம், அவர் பற்களிடையே நறநறத்து முடிந்தது.

"போச்சு" என்று ஆர்லீன் தரையில் அமர்ந்தார். "அது எல்லாத்தையும் மறந்துடுச்சு."

"மறதி உள்ள சாட்சி நம்பத்தக்கதன்று" என்றார் தலைவர். "ஆயினும் பெருந்தன்மையோடு ஆய்வகத்துக்கு அனுப்புவோம்."

அனுப்பினர். விடை வந்தது. மணலின் வயது: சுழி.

ஏப்ரல் பத்தாம் நாள் தீர்ப்பு வாசிக்கப்பட்டது. அம்மணல் மார்ச்சு இருபத்தேழாம் நாள் நண்பகலில், தலைவர் முன்னிலையில் பிறந்தது என்று வாரியம் ஒருமனதாகக் கண்டறிந்தது. பிறந்த நேரமும் உடனிருந்தோர் பெயரும் அடங்கிய சான்றிதழும் முத்திரையுடன் அளிக்கப்பட்டது.

ஆர்லீன் எழுந்தார். "தலைவரே, அந்த மணல் அடுக்கு உடைஞ்சு இறங்கியிருக்கு. மணலே போன மாசம்தான் பொறந்துச்சுன்னா, பூமி அதுக்கப்புறம்தானே உடைஞ்சிருக்கணும்? இது இன்னும் மோசமில்லையா?"

அவையில் சிறு சலசலப்பு. பெட்டிபோன் செயலரை நோக்கினார். செயலர் கோப்பை நோக்கினார்.

"அந்நாளிலிருந்து பூமி அசையவில்லை" என்றார் தலைவர். "நான் அங்கேயே நின்றேன். என் தேநீர்க்கோப்பை தளும்பவில்லை. ஆகவே அது பிளவன்று. அடுக்குகள் இறங்கியிருப்பது குழி தோண்டியவரின் கைப்பிழை. பிரிமிதிவோ கல்லேகோஸ் எந்திரத்தைக் கோணலாக இயக்குபவர் என்று இவ்வாரியம் பதிவு செய்கிறது."

அதற்கும் ஒரு சான்றிதழ். அதற்கும் முத்திரை. அத்துடன் ஓர் ஆணை: ஊர்க்காவலில் உள்ள இரண்டாம் குழாயும் அடிக்கல் நாளன்று வெயிலில் திறக்கப்படும்; அதற்குமுன் அதைச் செயலரிடம் ஒப்படைக்க வேண்டும்.

வீடு வந்த பிரிமிதிவோ உணவைத் தொடவில்லை. இருபத்தாறு ஆண்டுகளாக எந்திரம் ஓட்டுபவர். வாய்க்காலில் ஒரு விரற்கடை கோணினாலும் நீர் காட்டிக்கொடுத்துவிடும்.

"கோணல்னு எழுதிட்டாங்க, ஒடிலா."

"எழுதுனவன் மூஞ்சி நேரா இருந்துச்சா? தின்னு மொதல்ல." மிளகாய்ச் சாறு ஊற்றிய அவரையை அவர் பக்கம் தள்ளினாள். "அந்தக் குழாயைக் குடுத்துடுவியா?"

"ஆணை இருக்கே."

"அந்தச் சுவருக்குக் கீழ உன் பொண்ணு உக்காரப் போறா. அதுக்கு ஆணை வேணாமா?"

தவக்காலத்தின் கடைசி இரண்டு கிழமைகளில் ஆலயத்துச் சிலைகளாகிய சுரூபங்களை ஊதாத் துணியால் மூடிவைப்பது எங்கள் வழக்கம். உயிர்ப்பு ஞாயிறு வரை அத்துணியை எவரும் விலக்கார். மறுநாட் காலை பிரிமிதிவோ சிற்றாலயத்தைத் திறந்து, உழவர்க்குக் காவலரான சான் இசித்ரோவின் துணிக்குள், அவருடைய மரக்காலின் பின்புறம், கறுப்புத் துணி சுற்றிய குழாயைச் சாய்த்து வைத்தார்.

புனித வாரத்துத் திங்களன்று செயலர் வந்தார்.

"குழாய் எங்கே?"

"நோன்புல இருக்குங்கம்மா."

"பொருள் எப்படி நோன்பிருக்கும்?"

"எங்க ஊர்ல மரச்சிலையே ரெண்டு வாரம் மூஞ்சை மூடிக்கிட்டு நிக்குது. இரும்பு இருந்தா என்ன?"

"அந்தத் துணியை எடுங்கள்."

"நீங்க எடுத்துக்கோங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்." பிரிமிதிவோ ஒதுங்கி நின்றார். "அவ சொல்லுவா."

பின்னால் ஒடிலா நீண்ட துடைப்பத்தோடு பீடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். பெருக்குவதை நிறுத்தினாள். செயலர் துணியை நோக்கினார், துடைப்பத்தை நோக்கினார், தம் பைக்குள்ளிருந்து தாமதப் படிவத்தை எடுத்தார். அதில் 'வானிலை', 'வாகனப் பழுது', 'பிற' என்று மூன்று கட்டங்கள் இருந்தன. 'பிற' என்பதில் குறியிட்டு, 'சான்றுப் பொருள் சமய நோன்பில் உள்ளது' என எழுதிக் கையொப்பம் வாங்கிக்கொண்டு, முழு மனநிறைவுடன் திரும்பினார். படிவம் நிறைந்துவிட்டால் அவர்களுக்கு உலகமும் நிறைந்துவிடும்.

பெரிய வியாழன் பகலில் ஆர்லீன் வந்தார். தார்ப்பாயைக் கூடாரமாகப் பிடித்துத் துணிக்கடியிலிருந்து குழாயை எடுத்து, வேறொரு மாநிலத்துப் பல்கலைக்கழகத்தின் இருட்டறைக்கு வண்டியோட்டிச் சென்றார்.

அடிக்கல் நாளன்று பிரிமிதிவோ சொல்லவேண்டிய விடையை மனத்துக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். தேவையிருக்கவில்லை. ஒளிப்படக்காரர்கள் கல்லின் பக்கம் திரும்பிவிட்டிருந்தனர். "இரண்டாம் குழாயும் இன்று நண்பகலிலேயே பிறந்ததாகக் கருதப்படும்" என்று தலைவர் அறிவித்தார், வெண்கலத்தைத் தம் கைக்குட்டையால் துடைத்தார், சென்றார்.

ஜூன் மாதம் ஆர்லீனின் மடல் வந்தது. அந்த மணல் படிந்து ஆயிரத்து நூறு ஆண்டுகள் ஆயின என்றும், பூமி அதை உடைத்தது அதற்கும் பின்னர் என்றும், பிளவு உயிருள்ளது என்றும், முந்நூறு அடி மேற்கே தள்ளிப் போதல் போதும் என்றும் எழுதியிருந்தார். அதன் படி வாரியத்துக்கும் சென்றது. வாரியம் மூன்றே வரியில் விடையிறுத்தது: இருட்டில் அறியப்பட்ட வயது ஏற்கத்தக்கதன்று, மேலும் ஒரே மணலுக்கு இரண்டு பிறந்தநாட்கள் இருத்தல் இயலாது, அடித்தளம் தோண்டும் பணியை உடனே தொடங்குக.

தோண்டும் பணி பிரிமிதிவோவுடையது. பள்ளத்தாக்கில் வேறு பொக்லைன் இல்லை.

மடலையும் விடையையும் அவர் உணவு மேசையில் அருகருகே விரித்து வைத்தார். ஒடிலா உருளைக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு வேலிகிட்ட நின்னேன்ல" என்றாள். "ஏழு பேரும் ஒரு தடவைகூடக் கீழ குனிஞ்சு பாக்கல. படத்தைத் தலைகீழாப் புடிச்சிருந்தா அந்தம்மா. குழி எங்கன்னு கேட்டான் ஒருத்தன்."

"அதுக்கு?"

"நாலு முளைக்குச்சி. ஒரு கல்லு. எவ்ளோ கனம்?"

பிரிமிதிவோ மடலை மடித்தார். பிறகு எழுந்து, சுவரில் சட்டமிட்டு ஒடிலா வேண்டுமென்றே மாட்டிவைத்திருந்த 'கோணல்' சான்றிதழைக் கழற்றி, எந்திரத்தின் ஓட்டுநர் இருக்கைக்கு எதிரே ஒட்டிக்கொண்டார்.

காலை வெயிலில், ஊர் முழுதும் காண, வேலை தொடங்கியது. முளைக்குச்சிகள் மேற்கே நடந்தன. அடிக்கல்லை எந்திரத்தின் மண்ணள்ளும் வாய் ஏந்திச் சென்று முதிய பாப்லர் மரத்தருகே, வெண்கலம் அதே திசையை நோக்க, இறக்கி வைத்தது. கொத்தனார் ஓடிவந்தார்.

"பிரிமிதிவோ! என்ன பண்றே? மனை அங்கதானே இருக்கு!"

"நான் கோணலா வெட்டுறவன்பா. முத்திரை போட்டுக் குடுத்துருக்காங்க, பாரு." சான்றிதழைத் தட்டிக் காட்டினார். "இன்னிக்கு முந்நூறு அடி கோணிப் போச்சு."

கொத்தனார் அதை எழுத்துக்கூட்டிப் படித்தார். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "முத்திரை நல்லாத்தான் விழுந்திருக்கு" என்று சொல்லிக் கயிறு பிடிக்கப் போனார்.

வாரியத்தின் ஆய்வாளர்கள் மூன்று முறை வந்தனர். மூன்று முறையும் தகட்டைக் கண்டனர், எழுத்துகளை எண்ணினர், தகட்டருகே நின்று படம் எடுத்துக்கொண்டனர். பாப்லர் மரம் எப்போது முளைத்தது என்று ஒருவர் கேட்டார். "நண்பகல்ல" என்றாள் ஒடிலா. அவர் குறித்துக்கொண்டார்.

ஆகஸ்டு மாதத்தில் பள்ளி திறந்தது. பெட்டிபோன் சுவரில் உள்ளங்கையை வைத்து, இந்நிலத்தின் உறுதியைத் தாமே கண்டறிந்ததாக நாற்பது நிமிடம் பேசினார். அவர் சொன்னவற்றுள் ஒன்று மட்டும் உண்மை: நிலம் உறுதியாக இருந்தது. அவ்வளவு பொய்களும் சேர்ந்து, தாமறியாமல் ஓர் உண்மையின்மேல் நின்றுகொண்டிருந்த காட்சி, எங்களுக்குக் கசந்தது. இதே வாரியம் அவ்வாண்டில் வேறு ஒன்பது பள்ளிகளுக்குச் சான்றளித்தது என்று அன்றைய உரையில்தான் அறிந்தோம். அவ்வூர்களில் கோணலாக வெட்டுபவர் எவரேனும் இருந்தாரா என்பதை நாங்கள் அறியோம்.

கைதட்டல் ஓயும் முன்னர் பிரிமிதிவோ சிற்றாலயத்துக்கு நடந்தார். ஆர்லீன் திருப்பியனுப்பிய குழாய் அவர் கையில் இருந்தது. அதில் மூன்றில் ஒரு பங்கு மணல் இன்னும் ஒளி காணாமல், முத்திரை அவிழாமல் இருந்தது. பிற்காலத்தில் கேட்பவர் எவரேனும் இருப்பின், அவருக்காக. தவக்காலம் கடந்து நான்கு மாதங்கள் ஆகியும், அவர் ஆலயத்துத் துணிப்பெட்டியைத் திறந்து, மடித்து வைத்திருந்த ஊதாத் துணியை எடுத்தார். குழாயைச் சான் இசித்ரோவின் காலடிக்குப் பின்னால் கிடத்தி, துணியை இருமடிப்பாகப் போர்த்தி, ஓரங்களைக் குழந்தையின் போர்வையைச் செருகுவதுபோல உள்ளே செருகினார். தொப்பியைக் கையில் பிடித்தபடி முழந்தாளிட்டார். வெளியே, புதிய பள்ளியில் முதல் மணி ஒலித்தது. அது ஓயும்வரை அவர் எழவில்லை.

ஒளியை அஞ்சும் மணலே, உன் நினைவு வாழி. அதைக் காக்கும் இருள் வாழி. அசையும் பூமி தன் காலம் வருமளவும் பொறுத்திருக்க. அதன்மேல் ஓடிச்செல்லும் சிறுபாதங்கள், எங்கள் ஊரினவும் அந்த ஒன்பது ஊர்களினவும், நீடு வாழி.